மெயினை மூடியவர்

அவரை வேலையிடங்களில் 'எங்கபோகுது' என்று கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். நாளாக ஆகக் கிண்டல் உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் விவரம் தெரியாமல் "எங்கபோகுது அண்ணே" என்று மரியாதையோடு அழைப்பார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

குழாய் வேலை அவருக்கு. ஒழுகுகிறது என்று கூப்பிட்ட வீட்டுக்குப் போனால் ஒழுகும் இடத்தை முதலில் பார்க்கமாட்டார். கழுவுதொட்டியில் கொஞ்சம் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது சுழன்று இறங்குவதைப் பார்த்தபடி, "இது எங்க போகுது?" என்று கேட்பார்.

"கீழ போகுது."

"கீழன்னா?"

"கீழன்னா கீழதான். சாக்கடைக்கு."

"எந்தச் சாக்கடைக்கு?"

வீட்டுக்காரருக்கு அதற்குமேல் தெரியாது. பிறந்ததிலிருந்து அதே வீட்டில் இருப்பவருக்கும் தெரியாது. தான் முகம் கழுவிய தண்ணீர் எந்தச் சுவருக்குள் நுழைந்து எந்தச் சந்தில் தலைகாட்டுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு மனுஷனுக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்பது அவருக்கு உண்மையிலேயே புரிந்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இந்தக் கோளாறு இருந்தது. துணிக்குப் போடும் நீலத்தைக் கைகழுவும் தொட்டியில் கரைத்துவிட்டு, சுவர் ஏறிக் குதித்து, பின்பக்கச் சாக்கடையோரம் உட்கார்ந்திருந்தார். நீலம் அங்கே வரவில்லை. தலைமையாசிரியரின் பூச்செடிகளுக்கு நடுவே ஊறி வந்தது. அடி பலமாக விழுந்தது. அடி வாங்கும்போதும் அந்தக் குழாய் எந்த இடத்தில் திரும்பியிருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

பிற்பாடு அதுவே தொழில் ஆனது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் நீலம் இருக்கும். எங்கிருந்து கசிகிறது என்று தெரியாவிட்டால் நீலத்தைக் கரைத்து ஊற்றி, எந்தச் சுவர் நீலமாகிறது என்று காத்திருப்பார். அவருடைய சட்டைப்பைகள் எல்லாவற்றிலும் நீலக்கறை. அவர் மனைவி திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்பவர். கறையை எடுக்கும் முயற்சியைக் கைவிட்டு, பையை மட்டும் நீலத்துணியில் தைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. எதைத் தொடுவதற்கு முன்னாலும் மெயினை மூடு. உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டு, அப்புறம் ஸ்பானரை எடு. இதை மறந்தவர்களைத் தெருவே கேட்கும்படி திட்டியிருக்கிறார்.

அன்றைக்கும் மெயினை மூடித்தான் இருந்தார். ஒரு பெரிய விடுதியின் அடித்தளத்தில் வெந்நீர்த் தொட்டி. வண்டல் அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே வரும் குழாயை மூடிவிட்டு, தொட்டிக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தொட்டி ஆறட்டும் என்று காத்திருக்கத்தான் வேண்டும். அடியில் இருந்த திருகை லேசாகத் தளர்த்தினால் வண்டல் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்க்கலாமே என்று தோன்றியது. தளர்த்தினார். திருகு கையோடு வந்துவிட்டது. தொட்டியில் இருந்ததெல்லாம் அவர் மடியில் கொட்டியது. உட்கார்ந்திருந்த இடத்திலேயே தேங்கியது. எழுந்துகொள்ளத் தலைக்கு மேலே இடமில்லை.

தீக்காய வார்டில் கண் விழித்தபோது, இடுப்புக்குக் கீழே போர்வை உடம்பைத் தொடாமல் ஒரு கம்பிக்கூண்டின்மேல் கிடந்தது. தொடைகளின் உள்பக்கம், பிட்டம், இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் எல்லாம் வெந்திருந்தன. வெந்த இடங்களிலேயே அது மோசமான இடம். காரணத்தைச் சொல்ல யாரும் வாய்திறக்க வேண்டியிருக்கவில்லை. முதல்முறை வெளிக்குப் போனபோதே தெரிந்துவிட்டது. கட்டு முழுக்க நனைந்தது. அதை அவிழ்த்து, கழுவி, துடைத்து, மறுபடி கட்டி முடிப்பதற்குள் அவர் கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் உள்ளங்கையில் அது வரிவரியாகப் பதிந்திருந்தது. மறுநாளும் அதே கதை.

அறுவை சிகிச்சை டாக்டரம்மா கால்மாட்டில் வந்து நின்றார். சுருக்கமாகப் பேசுகிறவர்.

"முதுகுல இருந்து தோல் எடுத்து அங்க வைக்கணும். புண் சுத்தமா இருந்தாத்தான் ஒட்டும். மலம் பட்டுக்கிட்டே இருந்தா சீழ் பிடிச்சு வச்ச தோல் போயிடும். அதனால மலத்தை வேற வழியில திருப்பணும்."

"எங்க திருப்புவீங்க?" குரல் பலவீனமாக இருந்தாலும் கேள்வி அவருடையதுதான்.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஆபரேஷன். வயித்துல ஒரு வாய் வச்சு, குடலை அங்க கொண்டுவந்து, பையில விடுறது. புண் ஆறினப்புறம் மறுபடி ஒரு ஆபரேஷன் பண்ணி மூடிடலாம். இன்னொண்ணு கத்தி வைக்காம, ஆசனவாய் வழியா ஒரு குழாய். முதல்ல குழாயைப் பாக்கலாம். அது சரியா வரலேன்னா வயித்துலதான்."

மனைவி கழுத்தில் அளவுநாடா தொங்கக் கடையிலிருந்து நேராக வந்திருந்தார். "எது நல்லதோ அதைப் பண்ணுங்க டாக்டர். உயிரோட திரும்பி வந்தாப் போதும்" என்றார்.

அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். குப்புறப் படுத்து ஊர்ந்து, கைகழுவும் தொட்டிக்கு அடியிலும் தரையோரப் பொந்துகளிலும் புகுந்து பிழைக்கிற ஆள் அவர். அந்த வயிற்றில் ஒரு வாயும் பையும். கொஞ்ச காலத்துக்குத்தான் என்று டாக்டரம்மா சொன்னது காதில் விழாமலில்லை. ஆனால் உடம்பில் இன்னொரு தடவை திருகைத் தளர்த்துகிற யோசனையே அவருக்கு ஆகவில்லை.

"குழாய்" என்றார். "குழாயே வைங்க."

குழாயைக் கொண்டுவந்தவர் வார்டு சிஸ்டர். பிளாஸ்திரியைத் துண்டு துண்டாகக் கிழித்து மருந்து வண்டியின் விளிம்பில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொண்டுதான் எந்த வேலையையும் தொடங்குவார். கழுவிக் கழுவித் தோல் உரிந்த கைகள்.

"பயப்படாதீங்க அண்ணே" என்று ஆரம்பித்தார்.

"பயம் இல்ல சிஸ்டர். கொஞ்சம் காட்டுங்க. என்ன பொருள் இது? ரப்பரா?"

"சிலிக்கான். மெத்துன்னு இருக்கும்."

"உள்ள எப்படி நிக்குது? வழுக்கிட்டு வந்துடாதா?"

குழாயின் நுனியில் வாடிய பூ மாதிரி ஒரு சவ்வு சுருங்கிக் கிடந்தது. உள்ளே வைப்பதற்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதால் சிஸ்டர் பக்கத்துச் சிறு குழாய் வழியாகச் சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றினார். சவ்வு உப்பி ஒரு வளையமாக உட்கார்ந்தது.

"அடேங்கப்பா. வாஷர்!" என்றார் அவர்.

"நீங்க அப்படியே வச்சுக்கங்க. இது உள்ள உக்காந்துக்கும். தண்ணியா வர்றதெல்லாம் நடுவுல இருக்கிற ஓட்டை வழியா இறங்கி, குழாயில ஓடி, கட்டிலுக்குக் கீழ தொங்குற பைக்குப் போயிடும். புண்ணுல படாது. ஒரு மாசத்துக்கு மேல வைக்கக் கூடாது. அதுக்குள்ள தோல் ஒட்டிடணும்."

"தண்ணியா வந்தாத்தான் போகுமா?"

"தண்ணியா, இல்ல கூழா. கெட்டியா வந்தா அடைச்சுக்கும்."

வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டார். சிஸ்டர் விரல்விட்டு உள்பக்கம் நன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு குழாய் போனது. வெளிக்கு வருகிற மாதிரியே ஓர் உணர்வு, வந்தும் வராமலும் நின்றது. கொஞ்ச நேரத்தில் அதுவும் பழகிவிட்டது.

மனைவியின் கைக்கண்ணாடியை வாங்கிக் கட்டில் ஓரமாக நீட்டிப் பார்த்தார். உள்ளே ஓடுவது மங்கலாகத் தெரிகிற குழாய். தொடைக்கு அடியில் மடங்காமல், மேடு பள்ளமில்லாமல், சீரான சரிவில் இறங்கிப் பையில் முடிந்தது. சரிவு சரியாக இருந்தது. அவரே வைத்திருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பார். பிற்பகலில் குழாயில் ஏதோ நகர்ந்தது. அவருடையதுதான். கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஓடுது பாரு" என்றார் மனைவியிடம்.

"ஊர்ல யாருக்கும் கிடைக்காத காட்சி" என்றார் மனைவி. முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வாய் ஓரத்தில் சிரிப்பு இருந்தது. விபத்துக்குப் பிறகு மனைவி சிரித்தது அதுதான் முதல்முறை.

பை நிரம்பினால் எடுத்துப்போகத் தள்ளுவண்டியோடு ஓர் அம்மாள் வருவார். மஞ்சள் பையில் போட்டு முடிச்சுப் போடுவார். அவரிடமும் அதே கேள்விதான்.

"இது எங்கம்மா போகுது?"

"எழுந்து நடங்க, காட்டுறேன். படுத்துக்கிட்டுக் கேக்குறவங்களுக்கெல்லாம் சொல்றதில்ல."

சில நாட்கள் நன்றாகப் போயின. பிறகு ஒருநாள் காலை கட்டு ஓரத்தில் கறை தெரிந்தது. குழாயைச் சுற்றிக் கசிகிறது என்றார் சிஸ்டர். குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தார். மடங்கவில்லை. சிரிஞ்சால் தண்ணீர் விட்டுக் கழுவினார். மறுநாளும் கசிந்தது.

"வாஷர் தளந்துருக்கு" என்றார் அவர். "இன்னும் கொஞ்சம் தண்ணி ஏத்தி இறுக்குங்க."

"இது இரும்புக் குழாய் இல்ல அண்ணே. உள்ள இருக்கிறது சதை. அளவுக்கு மேல இறுக்கினா சதைக்கு ரத்தம் போகாது, புண்ணாயிடும். அதோட குடல் சும்மாவும் இருக்காது. பெருசா என்னமோ அடைச்சிருக்குன்னு நினைச்சுத் தள்ளப் பாக்கும். தள்ளத் தள்ள ஓரமா வழியும்."

"குழாயே தள்ளுமா?"

"பின்ன? நீங்க படுத்துக்கிட்டே சாப்பிட்டாலும் உள்ள போகுதுல்ல?"

அவருக்குத் தெரிந்த குழாய்களில் எல்லாமே சரிவில் இறங்கும்; இல்லையென்றால் மோட்டார் தள்ளும். தானே சுருங்கித் தானே தள்ளுகிற குழாய் ஒன்று தன் வயிற்றுக்குள் இத்தனை வருஷமாகச் சுருண்டு கிடந்திருக்கிறது. அதைப்பற்றி ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை. வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வந்தார். கட்டைப் பார்த்தார். "இப்படியே கசிஞ்சா தோல் வைக்க முடியாது. அடுத்த வாரம் வரைக்கும் பாப்போம். நிக்கலேன்னா வயித்துல வழி பண்ணிட்டு அப்புறம் தோல்."

டாக்டரம்மா போன பிறகு மனைவி சொன்னார்: "பண்ணிக்கலாங்க. பையை மறைக்கிற மாதிரி நான் சட்டை தச்சுத் தர்றேன்."

"தைக்கிறதுக்கு ஒண்ணு கிடைச்சா உனக்குப் போதும்."

"பேச்சு மட்டும் குறையல."

அவர் மனசுக்குள் வேறொரு முடிவு எடுத்திருந்தார். ஒழுகுகிற குழாய். இறுக்கவும் கூடாது. அப்படியானால் செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்த வேலைக்காரனுக்கும் தெரிந்தது.

மெயினை மூட வேண்டும்.

பகலில் துணைக்கு இருப்பவன் மச்சினன், மனைவியின் தம்பி. பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. மத்தியானம் வரை இங்கே இருந்துவிட்டுப் போவான். வார்டுக்குள் வருகிற யாரும் மேலங்கி, தொப்பி, முகமூடி எல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு ஊட்டிவிடுவது அவன் பொறுப்பு. தீக்காயக்காரர்களுக்கு அங்கே சாப்பாடு அதிகம். முட்டை, பால், சத்துமாவுக் கஞ்சி, சூப் என்று வந்துகொண்டே இருக்கும்.

"மாப்ள" என்றார். "இந்த முட்டையை நீ சாப்பிடு."

"ஐயோ மாமா, உங்களுக்குக் கொடுத்தது."

"எனக்கு இறங்கல. திருப்பி அனுப்பினா சிஸ்டர் கத்துவாங்க. நீ சாப்பிட்டா தட்டு காலியா போகும்."

"தப்பில்லையா மாமா?"

"உங்கக்காகிட்ட மட்டும் சொல்லாத."

தப்பா இல்லையா என்று மச்சினன் யோசித்துக்கொண்டே சாப்பிட்டான். யோசனை முடிவதற்குள் முட்டை முடிந்துவிட்டது. மறுநாள் யோசிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து முகமூடியை இறக்கிப் பாலையும் கஞ்சியையும் உள்ளே தள்ளிவிட்டு, மறுபடி முகமூடியை ஏற்றிக்கொள்வான். தொண்டையை நனைக்க மட்டும் அவர் ஓரிரு வாய் தண்ணீர் குடித்தார். சாயங்காலம் மனைவி ஊட்ட வந்தால், பகலில் சாப்பிட்டதே போதும் என்று மறுத்துவிடுவார். பசி இருந்தது. ஆனால் தான் சாப்பிடுகிற ஒவ்வொரு வாயும் நாளைக்குச் சிஸ்டர் கையில் வந்து நிற்கும் என்ற நினைப்பு பசியைவிடப் பெரிதாக இருந்தது. அந்தம்மா முகம் சுளிக்காமல் துடைப்பதுதான் அவரால் தாங்கமுடியாமல் இருந்தது.

குறைவாக உள்ளே போனால் குறைவாகத்தானே வெளியே வரும். கணக்கு சரிதான். ஆனால் கசிவு கூடியது. குழாயில் ஓட்டமே இல்லை. ஓரத்தில் மட்டும் வழிந்தது.

சிஸ்டர் ஒருநாள் குழாயை விரல்களுக்கு நடுவில் பிடித்து, அழுத்தி, விரல்களை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். ஓரிடத்தில் நின்று மறுபடி அழுத்தினார்.

"அண்ணே, என்ன சாப்பிட்டீங்க காலையில?"

"பால். முட்டை. கஞ்சி."

"எல்லாத்தையும்?"

"தட்டைப் பாருங்க. காலி."

"தட்டு காலிதான்." சிஸ்டர் குழாயை விடவில்லை. "ஆனா இவ்வளவு பாலும் கஞ்சியும் குடிக்கிற ஆளுக்கு இது மாதிரி களிமண்ணா வராதே. எனக்கும்தான் புரியணும்ல, இது எங்க போகுதுன்னு."

சிஸ்டர் தலையைத் திருப்பி மச்சினனைப் பார்த்தார். அவன் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலங்கியின் முடிச்சு வயிற்றுக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டு நின்றது.

"தம்பி, முகமூடியை இறக்குங்க."

"எதுக்கு சிஸ்டர்? கிருமி வரும்னு நீங்கதான..."

"இறக்குங்க."

இறக்கினான். மீசையில் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"மாமா, நான் அப்பவே சொன்னேன்" என்றான் மச்சினன்.

"நீ எங்கடா சொன்ன? மென்னுக்கிட்டு இருந்த."

சிஸ்டர் சிரிக்கவில்லை. "ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"மெயினை மூடினேன் சிஸ்டர்." அவர் கூரையைப் பார்த்துச் சொன்னார். "ஒழுகுதுன்னா முதல்ல அதைத்தான் பண்ணணும். உள்ள வர்றது நின்னா வெளிய ஒழுகுறதும் நிக்கும். அடுத்த வாரம் வரைக்கும் தாக்குப் பிடிச்சா வயித்தைக் கிழிக்க வேண்டியிருக்காது."

"நிக்காது அண்ணே. நீங்க ஒண்ணுமே சாப்பிடலேன்னாலும் குடல் எதையாவது உண்டாக்கிக்கிட்டேதான் இருக்கும். உள்ள இருக்கிறது ஊறி ஊறி, தண்ணியெல்லாம் உறிஞ்சிப்போய்க் கெட்டியாயிடும். கெட்டியானது குழாயில இறங்காது. ஓரமா வழி பாக்கும். நீங்க நிறுத்த நிறுத்தத்தான் அதிகமாச்சு. அது ஒரு பக்கம். வெந்த உடம்பு புதுசாத் தோல் கட்டணும்னா எதை வச்சுக் கட்டும்? காத்தை வச்சா?"

அவருக்கு அடித்தளமும் வெந்நீர்த் தொட்டியும் நினைவுக்கு வந்தன. மெயினை மூடித்தான் இருந்தார். தொட்டிக்குள் ஏற்கனவே இருந்ததை மறந்துபோனார். அதே தப்பு. உட்கார்ந்த இடமும் கிட்டத்தட்ட அதே.

"நான் சாப்பிட்டா நீங்கதான துடைக்கணும்" என்றார் கடைசியில், மெதுவாக.

"ஊர்ச் சாக்கடையெல்லாம் கையை விட்டு அள்ளுறீங்க. அந்த வீட்டுக்காரங்க வெக்கப்பட்டுக்கிட்டுச் சாப்பிடாமயா இருக்காங்க?"

அவரிடமிருந்து மறுபடி கேள்விதான் வந்தது. "இப்ப நான் ஒரு வாய் சாப்பிட்டா, அது குழாய்க்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆளுக்கு ஆள் மாறும்."

"மாறும்னா, எனக்கு?"

"யாருக்குத் தெரியும்?"

"நீலம் இருந்தா கண்டுபிடிச்சுடலாம்."

"வயித்துக்குள்ள நீலமா? கொன்னுடுவேன்."

வாசலில் மேலங்கி போட்டுக்கொண்டு நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டிருந்தார். உள்ளே வந்து தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அவன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான். பிறகு மனைவி சிஸ்டரிடம், "பீட்ரூட் கொடுக்கலாமா?" என்று கேட்டார். "கழுவினாலும் சாயம் விரல்ல நிக்கும். உள்ளயும் நிக்கும்ல?"

சிஸ்டருக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. "டாக்டரம்மாவைக் கேக்குறேன். கொடுக்கலாம்னாலும் பீட்ரூட் மட்டும் இல்ல. முட்டை, பால், கஞ்சி எல்லாம் சேத்து. ஒரு வாய் மிச்சம் வச்சாலும் சோதனை ரத்து."

டாக்டரம்மா சரி என்றார். இளக்க மருந்தையும் எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலை அவர் சாப்பிட்டதைப் பார்த்து மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மசித்த பீட்ரூட் ஒரு கிண்ணம். முட்டை. பால். கஞ்சி. எல்லாவற்றையும் ஏதோ கருவியைப் பூட்டுகிற கவனத்தோடு மென்று விழுங்கினார். எப்போது வரும் என்று வார்டுக்குள் பந்தயம் ஓடியது. பக்கத்துக் கட்டில்காரர் விடிவதற்குள் என்றார். சிஸ்டர் மறுநாள் சாயங்காலம் என்றார். தள்ளுவண்டி அம்மாள், "என் ஷிப்டுல வராம இருந்தாச் சரி" என்றார். அவர் தலையணைக்குக் கீழே கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டார்.

மறுநாள் முழுக்கச் சாப்பிட்டார். மருந்தோடு சேர்ந்து ஏதோ இளகியது. குழாயில் ஓட்டம் வந்தது. நிறம் மட்டும் வரவில்லை. சிஸ்டர் பந்தயத்தில் தோற்று, வீட்டுக்குப் போனார். அடுத்து வருகிற நர்ஸிடம் பீட்ரூட் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனார். மச்சினனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்குப் பயந்து அவன் அன்றைக்கு வரவே இல்லை.

அதற்கடுத்த நாள் காலையில் வந்தான். முட்டையைத் தொடாமல் ஒழுங்காக மாமாவுக்கு ஊட்டினான். தட்டைக் கீழே வைக்கக் குனிந்தவன் அப்படியே உறைந்தான்.

"ரத்தம்! சிஸ்டர்! ரத்தம் ஓடுது! மாமா குழாயில ரத்தம்!"

குழாய் முழுவதும் அடர்ந்த சிவப்பு. நர்ஸ் மருந்தறையில் இருந்தார். முதலில் ஓடிவந்தவர் வேறொரு வார்டிலிருந்து அன்றைக்கு மட்டும் வந்திருந்த இளம் டாக்டர். குழாயைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"உள்ள புண்ணாயிடுச்சு. குழாயை எடுக்கணும். ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க."

கட்டிலில் கிடந்தவரோ கண்ணாடியைத் தாறுமாறாகத் திருப்பிக்கொண்டு முகமெல்லாம் மலர்ந்து, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கூவினார்.

"மாமாவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு" என்று மச்சினன் அழ ஆரம்பித்தான்.

"டேய், பீட்ரூட்டுடா! டாக்டர், தொடாதீங்க, அது பீட்ரூட்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார் டாக்டர், கையுறையை மாட்டியபடி. யார் எப்போது அப்படிச் சொன்னார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவருடைய விரல்கள் சவ்வின் தண்ணீரை எடுக்கச் சிறு குழாயைப் பிடித்துவிட்டன. அந்தக் குழாய் வெளியே வந்தால் அன்றைக்கே வயிற்றில் வழி. கட்டிலில் கிடந்தவரின் சிரிப்பு நின்றது. கையை நீட்டி டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி. ஒரே ஒரு நிமிஷம். அந்த நர்ஸம்மா வந்து சொல்லட்டும். பிறகு என்ன வேணும்னாலும் எடுங்க."

நர்ஸ் ஓடிவந்தார். "பீட்ரூட்தான் டாக்டர். சிஸ்டர் சொல்லிட்டுப் போனாங்க." டாக்டர் அப்போதும் நம்பவில்லை. அது அவர் தப்பில்லை. குழாயில் தண்ணீர் விட்டுக் கழுவினார். வந்ததை வெள்ளைத் துணியில் ஒற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கத்தரிப்பூ நிறத்தில் பரவி, ஓரத்தில் ரோஜா நிறமாக வெளிறியது. ஒரு துளி பரிசோதனைக்குப் போனது. ரத்தம் இல்லை என்று பதில் வரும்வரை டாக்டர் கட்டில் பக்கத்திலேயே நின்றார். வந்ததும் கையுறையைக் கழற்றினார்.

"எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேட்டார், தன்னையறியாமல்.

"முந்தாநாள் சாயங்காலம். இதுல எங்கயெல்லாம் சுத்தியிருக்கும் சொல்லுங்க."

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, காற்றில் விரலால் குடலை வரைந்து காட்ட ஆரம்பித்தார். மச்சினன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தான்.

சிவப்பு வந்த அன்றைக்குக் கட்டு ஓரத்தில் கறை இல்லை. அதை முதலில் கவனித்தவர் மனைவிதான். மறுநாளும் இல்லை. டாக்டரம்மா சொன்ன வாரம் முடிந்தபோது கட்டை அவிழ்த்துப் பார்த்து, "தோல் வைக்கலாம்" என்றார். வயிற்றைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வாழ்க்கையில் அவர் கேட்காமல் விட்ட கேள்விகள் குறைவு. இது அதில் ஒன்று.

முதுகிலிருந்து எடுத்த தோலை வலை மாதிரி விரித்து வைத்தார்கள். அதன் பிறகு அவர் குப்புறவும் ஒருக்களித்தும் கிடந்தார். குழாய் தன் வேலையைச் செய்தது. மச்சினன் ஊட்டினான். "மாமா, இன்னும் ரெண்டு வாய்" என்று கெஞ்சி, கடைசி வாய் போன பிறகு தன் முகமூடியை இறக்கிச் சிஸ்டருக்கு மீசையைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

முதல்முறை கட்டைத் திறந்த அன்று மனைவி அளவுநாடாவைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். டாக்டரம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"ஒட்டிருக்கு. இந்த மூலையில கொஞ்சம் ஒட்டல. அது தானா மூடிக்கும்."

மனைவி வெளியே போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

குழாயை எடுக்கும் நாளில் சிஸ்டர் சவ்வின் தண்ணீரை முழுக்க உறிஞ்சி எடுத்தார். குழாய் வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் அதைப் பார்க்க வேண்டும் என்றார். கழுவிக் காட்டினார் சிஸ்டர். வாஷர் மறுபடி வாடிய பூவாகச் சுருங்கியிருந்தது. "நல்ல பொருள்" என்றார் அவர். அதன்பிறகு தானாக வெளிக்குப் போகக் கற்றுக்கொள்ளச் சில நாட்கள் பிடித்தன. சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு முறையும் சிஸ்டரிடம் வந்து சேதி சொல்வார். கழுவிக்கொள்வதற்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஒற்றியெடுக்க மெல்லிய துணி. துணியை மனைவி திரைச்சீலைக் கடையில் மிச்சம் விழுந்த வெள்ளைப் பருத்தியில் மடித்துத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். பக்கவாட்டில் முடிச்சுப் போடும் தொளதொளப் பைஜாமா ஒன்றும். அதன் பை மட்டும் நீலத்தில்.

வீட்டுக்குப் போகும் அன்று மச்சினன் வண்டி பிடித்து வாசலில் நிறுத்தியிருந்தான். அவர் கால்களை அகட்டி வைத்து மெதுவாக நடந்து வந்தார். தாழ்வாரத்தில் தள்ளுவண்டி அம்மாள் மஞ்சள் பைகளோடு எதிர்ப்பட்டார். அவர் நின்றார்.

"எழுந்து நடந்துட்டேன்" என்றார்.

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சரி, வாங்க."

"ஏங்க, வண்டி நிக்குது" என்றார் மனைவி.

"இதோ வந்துட்டேன்."

தள்ளுவண்டியின் பின்னால் அவர் போனார். அவர் பின்னால் மனைவி. தாழ்வாரம் திரும்பியது. சலவையறையின் ஆவி பறக்கும் வாசலைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நடந்தார். பின்பக்கச் சரிவில் வண்டி தானாக உருண்டது. அம்மாள் அதை இழுத்துப் பிடித்தார். முற்றத்தின் கோடியில் பூட்டிய ஒரு கொட்டகை. பூட்டைத் திறந்ததும் உள்ளே மஞ்சள் பைகள் அடுக்கடுக்காக இருந்தன. அவர் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கப்புறம்?"

"லாரி வந்து எடுத்துக்கிட்டுப் போகும்."

"லாரி எங்க போகுது?"

தள்ளுவண்டி அம்மாள் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "வீட்லயும் இப்படித்தானா?"

"இங்க கொஞ்சம் பரவாயில்ல" என்றார் மனைவி. "படுத்த இடத்துல இருந்தாரு."